காயத்தை மூடும் புரதங்கள்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பசறை, நமுனுகுல, ஹாலிஎல, அப்புத்தளை என்று ஊவா மலைகளில் எந்தத் தேயிலைத் தோட்டத்திலும், காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறவர் பல நாள் ஏதாவது ஒரு காயத்தோடுதான் லயத்துக்குத் திரும்புகிறார். அட்டை கடித்த இடம், கவ்வாத்து வெட்டிய செடியின் கூரான முனை கிழித்த கெண்டைக்கால், புல் வெட்டும்போது சறுக்கிய கத்தி, மழையில் வழுக்கிக் கல்லில் பட்ட முழங்கால். பெரும்பாலானவை மருந்தே இல்லாமல் ஆறிவிடுகின்றன. சில ஆறுவதில்லை. ஒருவருக்குப் பத்து நாளில் மூடிக்கொள்ளும் அதே அளவுக் காயம், இன்னொருவருக்கு மூன்று மாதமாகியும் நீர் வடிந்தபடி நிற்கிறது. கிருமி, அழுக்கு, கவனக்குறைவு என்று இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதியைத் தேடிப் போனால், தோலின் கலங்களுக்கு நடுவே உள்ள இடத்துக்குத்தான் போய்ச் சேருகிறோம்.

மேற்றோலில் கலங்கள் நெருங்கி நிற்கின்றன. அதற்குக் கீழே உட்டோலில் கலங்கள் குறைவு, இடைவெளிதான் அதிகம். அந்த இடைவெளி வெறுமையாகக் கிடக்கவில்லை. கொலாஜன், இலாஸ்டின், பைப்ரோனெக்டின் முதலிய புரதங்களும், நீரை இழுத்துப் பிடிக்கும் ஹயலுரோனிக் அமிலம் போன்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளும் அங்கே பின்னிக் கிடக்கின்றன. கலங்கள் தாமே சுரந்து தம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் இந்தப் பின்னலைத்தான் கலப்புறத் தாயம் என்கிறோம். உட்டோலின் உலர்நிறையில் ஏறத்தாழ முக்கால் பங்கு கொலாஜன் மட்டுமே. நெடுங்காலம் இது கலங்களைத் தாங்கி நிற்கும் உயிரற்ற பொருள் என்றே கருதப்பட்டது. 1980களில் அந்த எண்ணம் மாறியது. பைப்ரோனெக்டினில் ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும் ஒரு சிறு பகுதியைத்தான் கலங்கள் பற்றிக்கொள்கின்றன என்று 1984இல் பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் காட்டினார்கள். அப்படிப் பற்றும் ஏற்பிகளுக்கு இன்டெக்ரின் என்று பெயர் வந்தது. எந்தப் பக்கம் நகர்வது, எப்போது பிரிவது, எப்போது மடிவது என்பதையெல்லாம் கலம் தாயத்தைத் தொட்டறிந்தே தீர்மானிக்கிறது. காயம் ஆறுவது என்பது இந்தத் தாயம் உடைந்து, தற்காலிகமாக ஒன்று எழுந்து, பிறகு அதுவும் கலைக்கப்பட்டு நிலையானது கட்டப்படும் கதை.

இதன் முதல் அத்தியாயத்தை அட்டைக்கடி நன்றாகக் கற்றுத் தருகிறது. கத்தி பட்ட சிறு வெட்டில் இரத்தம் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. அட்டை விழுந்த பிறகோ நெடுநேரம் வடிகிறது. சாதாரணக் காயத்தில், அறுந்த குருதிக்குழாயின் சுவரிலுள்ள கொலாஜன் வெளிப்பட்டதும் குருதிச் சிறுதட்டுக்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. திரொம்பின் என்ற நொதியம் குருதியில் கரைந்திருக்கும் பைப்ரினோஜனைப் பைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. மருத்துவ அட்டையின் உமிழ்நீர் குருதி உறைவதைத் தடுக்கிறது என்று 1884இல் ஹேக்ராஃப்ட் கண்டார். பின்னாளில் அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஹிருடின், திரொம்பினைப் பிடித்து முடக்கும் புரதம். சில அட்டைகளின் உமிழ்நீரில் சிறுதட்டுக்கள் கொலாஜனில் ஒட்டாதபடி மறைக்கும் புரதங்களும் உண்டு. தாயம் கட்டப்படும் முதல் இரண்டு படிகளையும் அந்தச் சிறு உயிர் சரியாகக் குறிவைத்துத் தடுக்கிறது. அதன் சரக்குக் கழுவப்பட்டுப் போன பிறகே பைப்ரின் வலை விழுகிறது, இரத்தம் நிற்கிறது.

அந்தப் பைப்ரின் வலையை இரத்தத்தை அடைக்கும் மூடியாக மட்டும் பார்ப்பது போதாது. கட்டடம் எழும்பும்போது கட்டப்படும் சாரம் போன்றது அது: நிலைப்பதற்காக அல்ல, வேலையாட்கள் ஏறி நிற்பதற்காக. குருதியிலிருந்து வந்த பைப்ரோனெக்டின் அந்த வலையோடு பிணைக்கப்பட்டுக் கலங்களுக்குப் பிடிமானம் தருகிறது. சில மணி நேரத்தில் நடுநிலைநாடி வெண்கலங்கள் வந்து கிருமிகளைத் தாக்குகின்றன. இரண்டு, மூன்று நாளில் பெருந்தின்கலங்கள் வந்து குப்பையை விழுங்குவதோடு, கொலாஜனைச் சுரக்கும் கலங்களான நாரரும்பர்களை அழைக்கும் சைகைப் பொருட்களையும் வெளியிடுகின்றன. சிறுதட்டுக்களும் அதே அழைப்பை ஏற்கனவே விடுத்திருக்கும்.

வெட்டுக் காயத்தில் காப்பித்தூளோ தேயிலைத்தூளோ வைத்து அழுத்தும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. தூள் இரத்தத்தை உறிஞ்சும், அழுத்தம் இரத்தத்தை நிறுத்தும். அதனால் வைத்தியம் பலித்ததாகத் தோன்றும். ஆனால் அந்தத் துகள்களைக் கரைக்கப் பெருந்தின்கலங்களால் முடியாது. அவை உள்ளே இருக்கும்வரை அழற்சி அடங்காது, அடுத்த கட்டம் தொடங்காது. கொதித்து ஆறிய நீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிப்பது அதைவிட நல்ல வைத்தியம். ஆழமான காயமென்றால் ஏற்பு ஊசியும் வேண்டும்.

காயத்தைக் காற்றில் காயவிட வேண்டும் என்ற எண்ணமும் அப்படியே. மேற்றோல் கலங்கள் காய்ந்த பொருக்கின் மேல் நடந்து வருவதில்லை; பொருக்குக்கும் உயிருள்ள திசுவுக்கும் நடுவே, தம் நொதியங்களால் வழி வெட்டிக்கொண்டு ஊர்கின்றன. போகும் பாதையில் லாமினின் என்ற புரதத்தைத் தாமே விரித்துக்கொள்கின்றன. பொருக்கு தடித்தால் பாதை ஆழமாகிறது, நேரம் கூடுகிறது. ஈரம் காத்து மூடப்பட்ட காயத்தில் மேற்றோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்வதை ஜார்ஜ் வின்டர் 1962இல் பன்றித் தோலில் காட்டினார். இன்றைய காயக் கட்டுகள் பெரும்பாலும் அந்த ஓர் ஆய்வின் வழிவந்தவை.

மூன்றாம், நான்காம் நாளிலிருந்து நாரரும்பர்கள் காயத்துக்குள் குடியேறிப் பைப்ரினைக் கரைத்துக்கொண்டே கொலாஜனைச் சுரக்கின்றன. புதிய குருதிமயிர்க்குழாய்கள் நுழைகின்றன. சிவந்து, மணி மணியாகத் தெரியும் அந்தத் தசையைப் பார்த்ததும், புண் கட்டுகிற தாதிமார் 'நல்லா வருது' என்பார்கள். அப்போது அங்கே அதிகம் வருவது மூன்றாம் வகைக் கொலாஜன். மெல்லிய இழை, விரைவில் விரிக்கக்கூடியது. பின்னர் வாரங்கள், மாதங்களாக அதை நீக்கிவிட்டுத் தடித்த முதலாம் வகைக் கொலாஜன் இடம் பிடிக்கிறது. இதே காலத்தில் சில நாரரும்பர்கள் தசைக்கலங்களைப் போலச் சுருங்கும் தன்மை பெற்று, தாயத்தைப் பிடித்து இழுத்துக் காயத்தின் ஓரங்களை நெருக்குகின்றன. இவற்றைக் கப்பியானியின் குழு 1971இல் அடையாளம் கண்டது.

இந்த இழுவை சிறு காயத்தில் உதவி, பெரிய தீக்காயத்தில் ஊனம். கழுத்திலும் முழங்கையிலும் வெந்த தோல் ஆறும்போது நாடி மார்போடு ஒட்டுவதும், கை மடங்கியபடி நின்றுவிடுவதும் இதனால்தான். மின்சாரம் எட்டாத லயங்களிலும் குடிசைகளிலும் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குச் சரிந்து எத்தனையோ பேர் இப்படி வெந்திருக்கிறார்கள். அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, சரிந்தாலும் உருளாத, மூடி கழலாத, குட்டையான கனத்த கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்துப் பரப்பினார். 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். வடுவை வெட்டித் திருத்தும் தொழில் தெரிந்த ஒருவர் விளக்கைத் திருத்தப் போனது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

இனிக் கொலாஜன். இந்தப் புரதத்தின் வடிவம் தமிழ் மண்ணில் கண்டறியப்பட்டது என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும், கங்காரு வாலின் தசைநாணை ஊடுகதிரால் ஆராய்ந்து, மூன்று சங்கிலிகள் முறுக்கிய கயிறாகக் கொலாஜன் அமைந்திருப்பதை 1954இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே அந்த மாதிரியைத் திருத்திச் செம்மையாக்கினார்கள். மூன்று சங்கிலிகள் நெருங்கி முறுக, ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருக்க வேண்டும். அதைப் போலவே புரோலின் என்ற அமினோ அமிலத்தில் பலவற்றின் மேல் ஓர் ஒட்சிசன் ஏற்றப்பட வேண்டும். அது ஏறாத கயிறு 24 பாகை செல்சியசிலேயே பிரிந்துவிடும். 37 பாகையில் இருக்கும் மனித உடலில் அதற்கு வாழ்வில்லை. அந்த ஒட்சிசனை ஏற்றும் நொதியத்துக்கு இரும்பு வேண்டும், கரைந்த ஒட்சிசன் வேண்டும், விற்றமின் சி வேண்டும்.

விற்றமின் சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் கடுமையான சாட்சிகள் உண்டு. 1740களில் பிரித்தானியத் தளபதி ஆன்சனின் கப்பற்படை உலகைச் சுற்றியபோது, ஐம்பது ஆண்டுக்கு முன் போரில் பட்டு ஆறிய பழங்காயம் ஒரு மாலுமிக்கு மீண்டும் வாய்திறந்ததாகப் பயணக் குறிப்பு சொல்கிறது. வடு என்பது ஒருமுறை கட்டி முடித்த சுவர் இல்லை. அதன் கொலாஜன் ஓயாமல் கரைக்கப்பட்டு ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிப்பு நின்றால் கரைப்பு மட்டும் மிஞ்சும். அமெரிக்காவில் ஜான் கிராண்டன் என்ற இளம் அறுவை மருத்துவர் தன் உடலையே சோதனைக்கு வைத்து விற்றமின் சி அறவே இல்லாத உணவை மாதக்கணக்கில் உண்டார். முடிவு 1940இல் வெளியானது. மூன்றாம் மாதம் முதுகில் வெட்டிய காயம் இயல்பாக ஆறியது. ஆறாம் மாதம் வெட்டிய காயத்தில் மேற்றோல் மூடியிருந்தது, அடியில் கொலாஜன் கட்டவே இல்லை. உறைந்த குருதிதான் நிரம்பியிருந்தது. விற்றமின் சி ஏற்றிய பத்து நாளில் அதே காயம் உள்ளிருந்து ஆறத் தொடங்கியது. மேலே மூடியது ஆறியதாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு வேறில்லை.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், லயத்துச் சாப்பாடு பல வீடுகளில் கோதுமை மா ரொட்டி, சம்பல், தேத்தண்ணி என்றே ஓடுகிறது. தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் அதன் தனின் தாவர உணவிலுள்ள இரும்பைக் குடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது. புரதம் குறைந்தால் கிளைசினுக்கும் புரோலினுக்கும் எங்கே போவது? 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டத்துறையில் 32 வீதம். அந்தப் பிள்ளைகளின் தாய்மார்தான் கொழுந்தெடுக்கிறவர்கள். வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளைந்த மரக்கறி லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகும் மாகாணத்தில் இது நடக்கிறது. கொய்யாவும் நெல்லியும் லயத்தைச் சுற்றியே வளரும். அவற்றைப் பச்சையாகச் சாப்பிட வேண்டும், ஏனென்றால் விற்றமின் சி கொதிப்பில் அழியும். தேத்தண்ணியைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பதற்குக் காசு செலவில்லை.

கொலாஜன் கட்டப்பட்டாலும் வலு உடனே வருவதில்லை. விலங்குகளில் அளந்தபடி, ஒரு வாரக் காயத்துக்கு நல்ல தோலின் வலுவில் சில வீதமே உண்டு. மூன்று வாரத்தில் சுமார் 30 வீதம். மூன்று மாதத்தில் 80 வீதத்தை நெருங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. தையல் பிரித்த மறுநாளே பதினெட்டு, இருபது கிலோ கொழுந்தை முதுகில் சுமந்து சரிவில் இறங்குகிறவரின் காயம், சில வீத வலுவோடுதான் அந்தச் சுமையைத் தாங்குகிறது.

கட்டுவதைப் போலவே கரைப்பதும் காயத்துக்கு வேண்டியதே. 1962இல் ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியரும், தலைப்பிரட்டையின் வால் மறைவது எப்படி என்று ஆராய்ந்தபோது, கொலாஜனை அறுக்கும் நொதியத்தைக் கண்டார்கள். நாகத்தை உலோகமாகக் கொண்ட இத்தகைய நொதியங்கள் மனித உடலில் இருபதுக்கும் மேல் உண்டு; அவற்றை அடக்கும் புரதங்களும் உண்டு. இந்த இரண்டின் நடுநிலைதான் ஆறும் காயம். நடுநிலை முற்றாகக் குலைந்தால் என்ன ஆகும் என்பதைச் சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும், மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு விரியன் காட்டுகிறது. அதன் இனத்தில் இலங்கையில் மூன்று வகை. இரண்டு இங்கு மட்டுமே வாழ்பவை. தேயிலைத் தூருக்கடியில், சருகில் கிடந்து கையையும் காலையும் கடிக்கும். விரியன் நஞ்சிலும் நம் உடலின் நொதியங்களுக்கு உறவான உலோக நொதியங்கள் இருக்கின்றன. அவை குருதிக்குழாயைத் தாங்கும் நான்காம் வகைக் கொலாஜனையும் லாமினினையும் அறுப்பதால் சுற்றியுள்ள தசை அழுகுகிறது. இந்தியாவிலிருந்து வரும் பலபாம்பு நச்சுமுறி இந்த விரியனுக்கு வேலை செய்யாது. கடித்த இடத்தைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் அழுகலைக் கூட்டும். அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் வழி.

நாட்பட்ட புண்ணில் இதே கரைப்பு மெதுவாக நடக்கிறது. ஆறாத கால் புண்களிலிருந்து வடியும் நீரை 1990களில் ஆராய்ந்தவர்கள், அதில் கரைக்கும் நொதியங்கள் மிகுந்தும், அடக்கும் புரதங்கள் குறைந்தும், பைப்ரோனெக்டின் துண்டு துண்டாகியும் இருக்கக் கண்டார்கள். நடுநிலைநாடிகள் போக மறுக்கின்றன. அவை கொட்டும் நொதியங்கள் புதிதாக எழும் தாயத்தைக் கட்டக் கட்ட இடிக்கின்றன. உடைந்த துண்டுகளே மேலும் வெண்கலங்களை அழைக்கின்றன. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இன்னொரு சுமை: சர்க்கரை கொலாஜன் இழைகளில் ஒட்டி அவற்றை விறைக்கச் செய்கிறது, குருதியோட்டம் குறைகிறது, காலில் உணர்வு மங்குகிறது. வலி தெரியாத கால், புண்ணை மிதித்துக்கொண்டே மலையேறுகிறது.

மருந்துகள் பக்கம் பார்ப்போம். சிறுதட்டுக்களின் வளர்ச்சிக் காரணி ஒன்று களிம்பாக 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலை நம் எட்டாத உயரம், பயனும் எதிர்பார்த்த அளவு இல்லை. மாட்டுக் கொலாஜனால் செய்த தாள்களைத் தீக்காயத்தில் போர்த்துவது இந்தியாவில் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. கரைக்கும் நொதியங்களை அடக்கும் சுக்குரோஸ் ஒக்டாசல்பேற்றுக் கட்டு, நீரிழிவுக் கால் புண்களில் 20 வாரத்தில் 48 வீதத்தை மூடியது. ஒப்பீட்டுக் கட்டு 30 வீதத்தை மூடியது. 2018இல் வந்த இந்த முடிவு நம்பத்தக்கது. நம் வல்லாரைக்கும் இங்கே இடமுண்டு. அதிலிருந்து எடுத்த சாறு நாரரும்பர்களின் கொலாஜன் சுரப்பைக் கூட்டுவதாகப் பிரான்சில் 1990இலும், அதன் ஏசியாட்டிக்கோசைடு விலங்குகளில் காயத்தை விரைவாக ஆற்றுவதாக லக்னோவில் 1999இலும் காட்டப்பட்டது. அதற்காக, வயலோரத்துச் சேற்றில் பிடுங்கிய இலையை அரைத்துத் திறந்த புண்ணில் பூசலாம் என்று ஆகாது. ஆய்வில் இருந்தது சுத்திகரித்த பொருள். வல்லாரையைச் சம்பலாகச் சாப்பிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போட்ட செய்தி மிகப் பழையது, நம் நாட்டினது. 1930களில் கொழும்பில் மில்ரோய் போல் என்ற தமிழ் அறுவை மருத்துவர், பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் அறுவை மருத்துவப் பேராசிரியர், தொழுநோயாளரின் உள்ளங்கால் புண்ணுக்குக் காலோடு ஒட்டிய மாவுக்கட்டுப் போட்டு ஆற்றினார். வேலூரில் போல் பிராண்ட் என்ற மருத்துவர் இந்த முறையை வளர்த்து, பின்னர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாதப் புண்ணுக்கு முதல்தரச் சிகிச்சை அதுவே. கட்டில் எந்த மருந்தும் இல்லை. புண்ணின் மேல் விழும் பாரத்தை அது முழுக் காலுக்கும் பரப்புகிறது, அவ்வளவுதான். இத்தாலியில் பீசா நகரத்து மருத்துவர்கள் 2003இல், இருபது நாள் இப்படிக் கட்டிய புண்களையும் கட்டாத புண்களையும் நுணுக்குக்காட்டியில் ஒப்பிட்டார்கள். கட்டாதவற்றில் அழற்சியும் சிதைந்த திசுவும். கட்டியவற்றில் புதுக் குருதிமயிர்க்குழாய்களும் நாரரும்பர்களும். பாரம் நீங்கியதாலேயே நாட்பட்ட புண் புதுக் காயத்தின் இயல்புக்குத் திரும்பியிருந்தது. ஓய்வு என்பது ஆறுதல் வார்த்தையாகச் சொல்லப்படுவது. இங்கே அது தாயத்தின் மேல் நேரடியாக வேலை செய்யும் சிகிச்சை.

ஊவாத் தோட்டத்தில் அந்தச் சிகிச்சைதான் கிடைப்பதற்கு அரிது. அன்றைய வேலைக்குப் பேர் போட்டால்தான் சம்பளம். காலில் புண்ணோடு ஒரு வாரம் லயத்தில் இருந்தால் ஒரு வாரப் பேர் போகும். அதனால் துணியைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். கால் புண்ணுக்கு டிஸ்பென்சரியில் களிம்பு கொடுத்துவிட்டு அன்றே மலைக்கு அனுப்புவது பாதி வைத்தியம்கூட இல்லை. சம்பளப் பேச்சுவார்த்தையில் நாட்சம்பளத் தொகையோடு சேர்த்து, காயம்பட்டவருக்குச் சம்பளத்துடன் ஓய்வு, அந்த நாட்களில் இருந்தே செய்யக்கூடிய மாற்று வேலை, எல்லாருக்கும் கால்மூடிய சப்பாத்து ஆகியவற்றைத் தொழிற்சங்கங்கள் எழுத்தில் கேட்க வேண்டும். கம்பனிகள் கொடுக்க வேண்டும். விலையுயர்ந்த கட்டுகளைவிட இவற்றால் மூடும் புண்கள் அதிகம்.

வீட்டில் யாருக்காவது காலில் புண் இருந்தால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அதன் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். சீனி வருத்தம் உள்ளவருக்கு நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால், அது தானாக ஆறும் வாய்ப்பு மிகக் குறைவு. களிம்பை மாற்றிப் பார்த்துக் காத்திருக்காமல், உடனே பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.